ஊர் கேட்ட வேதம் – 9: தண்ணீர் வாசலும் அக்னி வசந்தமும்

சென்ற வாரம் எருசலேமின் தண்ணீர் வாசலில் நின்றோம். பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள், ஏழாம் மாதம் முதல் தேதி, அந்த வாசலுக்கு எதிரே இருந்த வெளியில் ஆணும் பெண்ணுமாகக் கூடினார்கள். மரத்தால் செய்த மேடையில் வேத அறிஞர் எஸ்றா ஏறி நின்று, யூத வேதமான தோராவைத் திறந்தார். மக்கள் எழுந்து நின்றார்கள். விடியலில் தொடங்கிய வாசிப்பு நண்பகல் வரை நீண்டது. எஸ்றா வாசிக்க, ஆலயப் பணிக்குரிய லேவியர்கள் கூட்டத்துக்கு அதன் பொருளை எடுத்துச் சொன்னார்கள். பொருள் விளங்கியதும் மக்கள் அழுதார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் நடந்ததாக நெகேமியாவின் நூல் சொல்லும் இந்த ஒரு காலைப்பொழுதுதான், யூத வழிபாட்டின் நடுவே இன்றுவரை நிற்கும் பொது வாசிப்புக்கு முன்மாதிரி.

அந்தக் காலைப்பொழுது எப்படி வழக்கமானது என்பதையும் பார்த்தோம். ஓய்வுநாளிலும், சந்தை கூடும் திங்கள், வியாழக்கிழமைகளிலும் தோராவை வாசிக்கும் ஏற்பாடு வந்தது. பாபிலோனிய மரபு நூலை 54 பகுதிகளாக்கி ஓராண்டில் முடித்தது. பாலஸ்தீன மரபு ஏறக்குறைய மூன்றாண்டு எடுத்துக்கொண்டது. 1913-இல் எருசலேமில் கிடைத்த தெயோதோத்தோஸ் என்ற குருவின் கிரேக்கக் கல்வெட்டு, தொழுகைக்கூடம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது: சட்டத்தை வாசிக்க, கட்டளைகளைக் கற்பிக்க, வெளியூரிலிருந்து வருபவர்களுக்குத் தங்குமிடமும் தண்ணீரும் தர. நம் பக்கத்தில், 1568-இல் எழுந்த கொச்சி பரதேசி தொழுகைக்கூடத்தில் வாசிப்புக்கு இரண்டு மேடைகள் உண்டு. நடுக்கூடத்தில் ஒன்று, மாடத்தில் இன்னொன்று.

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு முடித்தோம். வாசிப்பவர் ஒருவர், விளக்குபவர் வேறொருவர் என்று ஏன் பிரித்தார்கள்? எஸ்றாவே வாசித்து எஸ்றாவே விளக்கியிருக்கலாமே? இதற்கான பதிலைத் தேடி இந்த வாரம் எருசலேமில் தொடங்கி திருவண்ணாமலைச் சீமைக்கு வருகிறோம். இரண்டு இடத்துச் சான்றுகளும் ஒரே முடிவைத்தான் காட்டுகின்றன. ஒரு நூல் சிதையாமலும் இருக்க வேண்டும், எளிய மக்களுக்கு எட்டவும் வேண்டும் என்றால், மூலத்துக்கு ஒரு குரலும் விளக்கத்துக்கு இன்னொரு குரலும் வேண்டும். இரண்டும் ஒரே பந்தலில் ஒலிக்க வேண்டும். ஒன்றோடொன்று கலந்துவிடவும் கூடாது.

இரண்டு குரல்கள்

எஸ்றாவின் காலத்துக்குப் பின் யூதர்களின் வீட்டு மொழி அரமேயம் ஆகிவிட்டது. தோராவோ எபிரேயத்தில் இருந்தது. தொழுகைக்கூடத்துக்கு வந்த குடியானவருக்கும் கைவினைஞருக்கும் வாசிப்பது புரியாத நிலை. நூலையே அரமேயத்தில் எழுதி வாசித்துவிடலாம் என்பது ஒரு வழி. புரிந்தாலும் புரியாவிட்டாலும் மூலத்தை மட்டும் ஓதுவது இன்னொரு வழி. யூத ஆசிரியர்கள் இரண்டையும் விட்டு மூன்றாவது வழியை எடுத்தார்கள். சுருளைப் பார்த்து ஒருவர் எபிரேயத்தில் ஒரு வசனம் வாசிப்பார். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் அதை அரமேயத்தில் சொல்வார். பிறகுதான் அடுத்த வசனம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா இதற்குக் கணக்கே வைத்திருக்கிறது. தோராவானால் ஒரு நேரத்தில் ஒரு வசனத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கக் கூடாது. தீர்க்கதரிசிகளின் நூலானால் மூன்று வரை கொடுக்கலாம்.

இந்த விதிகளை நெருங்கிப் பார்த்தால் அவற்றின் பின்னால் இருந்த அச்சம் தெரியும். வாசிப்பவருக்கு நூல் மனப்பாடமாக இருந்தாலும் அவர் சுருளைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். மொழிபெயர்ப்பவரோ எந்த ஏட்டையும் பார்க்கக் கூடாது. வாயால் மட்டுமே சொல்ல வேண்டும். ஒருவர் குரல் மற்றவர் குரலுக்கு மேல் ஓங்கக் கூடாது. மொழிபெயர்ப்பவர் தடுமாறினால் வாசிப்பவர் அடியெடுத்துக் கொடுக்கவும் கூடாது. ஏன்? அப்படிக் கொடுத்தால், அந்த மொழிபெயர்ப்பும் தோராவிலேயே எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள் நினைத்துவிடுவார்கள். மிஷ்னாவுக்கு விளக்கமாக எழுந்த தல்மூத் இந்தக் காரணத்தை வெளிப்படையாகவே சொல்கிறது. விளக்கம் எவ்வளவு அருமையாக இருந்தாலும் அது ஒரு மனிதர் சொன்னது என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாளை இன்னொருவர் வேறு விதமாக விளக்கலாம். சுருளில் உள்ளது மட்டும் நாளையும் அப்படியே இருக்கும்.

25 பங்கில் ஒரு பங்கு

இனி நம் மண். காஞ்சிபுரத்துக்கு அருகே கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு, ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்ம பல்லவனுடையது. பரமேசுவரமங்கலம் என்ற ஊரை 25 பங்காக்கி யார் யாருக்கு எவ்வளவு என்று அது பிரித்துக் கொடுக்கிறது. 20 பங்கு, நான்கு வேதம் கற்ற அந்தணர்களுக்கு. கோயில் பூசைக்கும் பராமரிப்புக்கும் சில பங்குகள். மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் வைப்பதற்கு ஒரு பங்கு. அந்த மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு. தெயோதோத்தோஸ் தன் கட்டடத்தில் வாசிப்பையும் தண்ணீரையும் அடுத்தடுத்து வைத்ததைப் போலவே பல்லவனும் வைத்திருக்கிறான். இருவரும் ஒருவரை ஒருவர் அறியார். இருவருக்கும் நடுவே ஆறு நூற்றாண்டும் ஒரு கடலும் உண்டு. ஆனால் ஒரு நூலை ஊர் கேட்க வேண்டுமானால் கூடும் இடம் வேண்டும், வந்தவர் தாகம் தீர வேண்டும், வாசிப்பவருக்குச் சோறு நிலையாகக் கிடைக்க வேண்டும் என்ற நடைமுறை அறிவு இருவருக்கும் பொதுவாக இருந்தது.

இதன் முக்கியத்துவத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. அரசன் ஒரு புலவருக்குப் பரிசில் கொடுத்தால் அது ஒரு நாள் செய்தி. நிலத்தில் பங்கு கொடுத்தால், அந்த வேலை தலைமுறை தலைமுறையாக நடந்தாக வேண்டும். பின்னால் வந்த இரண்டாம் நந்திவர்மனின் தண்டந்தோட்டச் செப்பேட்டிலும் பாரதம் வாசிப்பவருக்குப் பங்கு உண்டு. வாசிப்பு ஒருவரின் ஆர்வமாக இருந்த நிலை மாறி ஊரின் பொறுப்பானது. ஆனாலும் கூரத்து மண்டபத்தில் ஒரு குறை இருந்தது. அந்த ஊரின் பங்காளிகள் வேதம் கற்றவர்கள். வயலில் ஏர் ஓட்டியவருக்கு அந்தப் பாரதம் போய்ச் சேர இன்னும் இரண்டு திருப்பங்கள் வேண்டியிருந்தன.

தெள்ளாற்றில் வென்றவன்

முதல் திருப்பம் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தோடு தொடர்புடையது. வந்தவாசியை அடுத்த தெள்ளாற்றில் பெரும் போர் ஒன்றை வென்று, ‘தெள்ளாறெறிந்த’ என்ற அடைமொழியோடு வரலாற்றில் நிற்பவன் மூன்றாம் நந்திவர்மன். ஒன்பதாம் நூற்றாண்டுக்காரன். இவன் காலத்தில்தான் பெருந்தேவனார் பாரதவெண்பா பாடினார். உத்தியோகம், வீட்டுமம், துரோணம் ஆகிய பருவங்களின் பகுதிகளே இன்று நம் கையில் உள்ளன. கிடைத்தவரையில் அதன் அமைப்பைக் கவனியுங்கள்: ஒரு வெண்பா, அதையடுத்து உரைநடையில் கதை, பிறகு மீண்டும் ஒரு வெண்பா. பாட்டும் பேச்சும் மாறி மாறி வருகின்றன. தனியே அமர்ந்து படிப்பவருக்காக எழுதும் புலவர் பாட்டிலேயே கதையை நடத்தியிருப்பார். சபையில் பாட்டைச் சொல்லி, நிறுத்தி, கதையை விளக்கி, மறுபடியும் பாட்டை எடுக்கும் வழக்கம் இந்த ஏட்டுக்குள் பதிந்திருப்பதாகக் கொள்வதே பொருத்தம். இதே காலகட்டத்தில் தெற்கே பாண்டியரின் சின்னமனூர்ச் செப்பேடும், தங்கள் முன்னோர் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது.

ஆனால் ஊர்ப் பந்தல்களுக்குப் பாரதவெண்பா வந்து சேரவில்லை. அந்த இடத்தைப் பிடித்த நூல் இன்னும் ஐந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான் பிறந்தது.

துறட்டி

இரண்டாவது திருப்பம் ஏறத்தாழ கி.பி. 1400-இல் வந்தது. நடுநாட்டில் வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் என்ற சிற்றரசனின் ஆதரவில் வில்லிபுத்தூரார் பாரதம் பாடினார். பத்துப் பருவங்கள், 4,300-க்கும் மேற்பட்ட விருத்தப் பாடல்கள். போர் முடிவதோடு நூலும் முடிகிறது. வடசொல் நிறைந்த நடை. ஆனால் சந்தம் குதிரைப் பாய்ச்சல். போர்க்களப் பாடல்களைச் சத்தம் போட்டுப் பாடினால், பொருள் புரியாதவருக்கும் முரசின் அடி கேட்கும். இந்த இரண்டு குணங்களும் சேர்ந்துதான் அந்த நூலைப் பந்தலுக்குக் கொண்டுவந்தன என்று கருதுகிறேன். சந்தம் இருந்ததால் உரக்கப் பாட முடிந்தது. சொல் கடினமாக இருந்ததால் விளக்க ஒருவர் தேவைப்பட்டார். தானே புரியும் எளிய நூலாக இருந்திருந்தால் விளக்குபவருக்கு வேலை இருந்திருக்காது. பாட வராத நூலாக இருந்திருந்தால் சபை கூடியிருக்காது.

வில்லிபுத்தூராரைப் பற்றித் தமிழ்நாடு ஒரு கதையைத் தலைமுறைகளாகச் சொல்லி வருகிறது. வரலாற்றுச் சான்று இல்லாத செவிவழிக் கதைதான். ஆனால் நம் விஷயத்துக்கு அது மிகவும் வேண்டியது. வில்லியார் புலவர்களை வாதுக்கு அழைப்பார். கையில் துறட்டி இருக்கும். எதிரே உட்கார்ந்த புலவர் விடை சொல்லத் தடுமாறினால், காதில் மாட்டிய துறட்டியை ஓர் இழுப்பு, காது அறுந்துவிடும். இப்படிக் காதிழந்த புலவர்கள் பலர். ஒருநாள் எதிரே வந்து அமர்ந்தவர் திருவண்ணாமலையில் பிறந்த அருணகிரிநாதர். பதினைந்தாம் நூற்றாண்டில், விஜயநகரத்துப் பிரபுட தேவராயன் காலத்தில் வாழ்ந்த சந்தக் கவி. கந்தரந்தாதியை அருணகிரியார் பாடப் பாட வில்லியார் உரை சொல்ல வேண்டும் என்பது போட்டி. ஒரு பாட்டு, ஓர் உரை. அடுத்த பாட்டு, அடுத்த உரை. ஐம்பது தாண்டியும் வில்லியார் சளைக்கவில்லை.

ஐம்பத்து நான்காவது பாட்டு வந்தது. முழுக்க முழுக்கத் தகர வரிசை எழுத்துகளாலேயே ஆன பாட்டு. வேறு எழுத்தே கிடையாது. வில்லியார் வாய் அடைத்துப் போனார். துறட்டி இப்போது யார் காதுக்கு என்று சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கும். அருணகிரியார் காதை அறுக்கவில்லை. அந்தப் பாட்டுக்குத் தானே பொருள் சொன்னார். இனி யார் காதையும் அறுக்க வேண்டாம் என்று கேட்டுத் துறட்டியைக் கீழே வைக்கச் செய்தார். முந்தைய பாடல்களுக்கு வில்லியார் சொன்னதாகக் கருதப்படும் உரை இன்றும் அந்நூலோடு சேர்ந்தே வழங்குகிறது. ஆணவம் அடங்கிய கதை என்றே இதைச் சொல்வது வழக்கம். நான் இதில் இன்னொன்றையும் பார்க்கிறேன். மூலம் ஒருவர் வாயிலும் பொருள் இன்னொருவர் வாயிலும் இருக்க, நடுவில் ஒரு சபை கேட்டுக்கொண்டிருக்கிறது. விளக்கம் நின்றுபோன கணம் மொத்தமும் நின்றுபோகிறது. தமிழ் மக்கள் தங்கள் பாரதப் புலவரைப் பற்றிக் கதை கட்டியபோது, பனையோலைக்கு முன் எழுத்தாணியோடு அவரை உட்கார வைக்கவில்லை. சபை நடுவே உரை சொல்பவராக வைத்தார்கள். தாங்கள் பாரதத்தைக் கேட்ட விதத்தையே அவர் மேலும் ஏற்றிச் சொன்னார்கள்.

அக்னி வசந்தம்

திருவண்ணாமலை, போளூர், ஆரணி, செய்யாறு, வந்தவாசி, செங்கம் என்று இந்தப் பகுதி முழுக்கத் திரௌபதி அம்மன் கோயில்கள் பரவிக் கிடக்கின்றன. கோடையில் அங்கே நடக்கும் பெருவிழாவுக்கு அக்னி வசந்த விழா என்று பெயர். கொடியேற்றி, காப்புக் கட்டி, கோயிலுக்கு முன்னே பந்தல் போட்டதும் பாரதம் தொடங்கும். பிற்பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பத்து நாளுக்குக் குறையாது. இருபது நாளைத் தாண்டும் ஊர்களும் உண்டு. பிரசங்கியாரைப் பாரதியார் என்றும் அழைப்பார்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் கூட வர, அவர் வில்லியின் பாட்டை எடுத்து ராகத்தோடு பாடுவார். பாட்டு முடிந்ததும் குரல் இறங்கும். பேச்சுத் தமிழில், கேள்வி கேட்டு, பதில் வாங்கி, ஊர் நடப்பைத் தொட்டு, அந்தப் பாட்டை அவிழ்ப்பார். தருமன் சூதாடிய இடத்தில் சீட்டாட்டத்தைக் கண்டிப்பார். பாகப்பிரிவினை வரும் இடத்தில் வரப்புத் தகராறு வரும். பிறகு நிமிர்ந்து அடுத்த பாட்டு. பாடுபவரும் விளக்குபவரும் ஒரே ஆளாக இருக்கும் பந்தல்களிலும் இரண்டு குரல்களும் கலப்பதில்லை. ராகம் நின்று பேச்சு தொடங்கும் இடம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

திருவிழா நாட்களை வகுப்பதும் இந்த வாசிப்புதான். பிரசங்கம் எந்தக் கட்டத்தைத் தொட்டிருக்கிறதோ அதை ஒட்டிக் கூத்தும் சடங்கும் நடக்கும். பகாசுரன் வதம் வந்தால் சோற்று வண்டி தெருவில் வரும். அருச்சுனன் தபசு வந்தால், கூத்துக் கலைஞர் வேடத்தோடு உயரமான தபசு மரத்தில் ஏறுவார். கீழே குழந்தை வரம் கேட்டுப் பெண்கள் காத்திருப்பார்கள். பதினெட்டாம் போர் முடியும்போது, களத்தில் மண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தருகே படுகளம் நடக்கும். அம்மன் சபதம் நிறைவேறிக் கூந்தல் முடிந்த பிறகே தீமிதி. கடைசியில் தருமர் பட்டாபிஷேகம். மழை பொய்த்த ஆண்டில் விராட பருவத்தைப் படிக்க வைப்பதும் உண்டு. அதைப் படித்தால் மழை வரும் என்பது குடியானவர் நம்பிக்கை. அதே மக்கள் பாரதத்தை வீட்டுக்குள் படிக்க விடமாட்டார்கள். குடும்பத்தில் சண்டை வரும் என்பார்கள். பாரதம் கூடிக் கேட்க வேண்டிய நூல் என்ற தீர்ப்பை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

துகில் உரியும் இரவைத் தனியாகச் சொல்ல வேண்டும். துச்சாதனன் வேடம் கட்டியவர் திரௌபதியின் சேலையைத் தொடுவதற்கு முன் கூத்து நிற்கும். கற்பூரம் ஏற்றப்படும். வேடக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார்: இது என் வேடத்தின் வேலை, என் மேல் குற்றம் வைக்காதே என்பது அந்த வேண்டுதலின் சாரம். மிஷ்னாவிலும் இதற்கு இணையான ஓர் இடம் இருக்கிறது. யாக்கோபின் மகன் ரூபன் தந்தையின் மறுமனையாட்டியோடு கூடிய செய்தியை வாசிக்கலாம், மொழிபெயர்க்கக் கூடாது என்று அது விதிக்கிறது. இரண்டு மரபும் கூசிப்போகும் பகுதியை நூலிலிருந்து வெட்டி எறியவில்லை. மூலத்தை இருந்தபடியே விட்டுவிட்டு, அதை மக்கள் முன் கொண்டுவரும் முறையில் மட்டும் கவனம் காட்டின. மூலமும் விளக்கமும் வெவ்வேறு கையில் இருந்ததால்தான் இது முடிந்தது.

மூன்று மறுப்புகள்

இந்த ஒப்பீட்டை மறுக்க இடமுண்டு. முதல் மறுப்பு: தோராவில் ஓர் எழுத்து குறைந்தாலும் அதைத் திருத்தும் வரை அந்தச் சுருளை வாசிக்கக் கூடாது. பாரதமோ ஊருக்கு ஊர் நீளும் கதை. செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் தாய்க் கோயிலாகக் கருதும் மரபில் திரௌபதி செஞ்சி மண்ணில் மீண்டும் அவதரிக்கிறாள். போத்துராஜா அவளுக்குக் காவலாக நிற்கிறான். வியாசருக்குத் தெரியாத இந்தக் கதைகள் புகுந்த ஒன்றை வேத வாசிப்போடு எப்படிச் சேர்ப்பது? அவை எங்கே புகுந்தன என்று பார்த்தால் விடை கிடைக்கும். வில்லியின் விருத்தத்துக்குள் போத்துராஜா இல்லை. அவன் கோயில் வாசலிலும் கூத்திலும் பிரசங்கியாரின் பேச்சிலும் வாழ்கிறான். தோராவைச் சுற்றி யூதர்கள் வளர்த்த மித்ராஷ் கதைகளும் இப்படித்தான் சுருளுக்கு வெளியே வாழ்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை, வில்லி விட்ட இடங்களை நிரப்பி ஏறத்தாழ 14,000 பாடல்களுக்கு நூலை வளர்த்தார் என்பது உண்மை. அது நல்லாப்பிள்ளை பாரதம் என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. வில்லி பாரதம் வில்லி பாரதமாகவே நிற்கிறது. ஊரின் கற்பனை தடையில்லாமல் ஓட ஒரு கால்வாய் இருந்ததால் மூலத்தின் கரை உடையவில்லை.

இரண்டாவது மறுப்பு: கூட்டம் கூத்துக்குத்தான் வருகிறது, பிற்பகல் பிரசங்கத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், ஆகவே பாரதத்தைக் காப்பாற்றியது கூத்து, வாசிப்பு அல்ல. கூத்தின் பெருமையை யாரும் குறைக்க முடியாது. செய்யாறு வட்டத்துப் புரிசை கண்ணப்ப தம்பிரானின் பரம்பரை அதை உலக மேடைகளுக்கே எடுத்துச் சென்றது. ஆனால் கூத்து பாரதத்தின் சில இரவுகளைத் தேர்ந்தெடுத்து ஆடுகிறது. அந்த இரவுகளுக்கு நடுவே அறுபடாமல் போகும் நூல் பிரசங்கத்தில் இருக்கிறது. மேலும், ஊர் முழுக்க எல்லா நாளும் உட்கார்ந்து கேட்டால்தான் வாசிப்பு பயன்பட்டது என்று கணக்கிட்டால், எந்தத் தொழுகைக்கூடமும் எந்தக் கோயிலும் அந்தக் கணக்கில் தேறாது. வரி கொடுத்து, பந்தல் போட்டு, இந்த நேரத்தில் இது வாசிக்கப்படும் என்று ஊர் ஏற்பாடு செய்து வைத்திருப்பதே அடிப்படை. அந்த ஏற்பாடு இருக்கும்வரை, இந்த ஆண்டு வராதவர் அடுத்த ஆண்டு வரலாம்.

மூன்றாவது மறுப்பு மற்ற இரண்டையும் விடக் கனமானது. ஊர், ஊர் என்கிறோமே, யார் அந்த ஊர்? கூரத்தில் பெரும்பங்கு பெற்றவர்கள் வேதம் கற்றவர்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் அந்த எல்லை பெரிதும் விரிந்தது. உழுபவரும் நெய்பவரும் விழாவை நடத்தும் உரிமையாளர்கள் ஆனார்கள். ஆனாலும் ஊர் என்ற சொல் சேரியின் எல்லையில் நின்றுவிட்ட இடங்கள் பல. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், பட்டியல் சமூகத்தினர் உள்ளே சென்று வழிபடுவது பற்றிய தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் பூட்டுப் போட்டு முத்திரை வைத்தார்கள். சபையில் இழுத்து வரப்பட்டு, பெரியவர்களைப் பார்த்து நியாயம் கேட்ட ஒரு பெண்ணின் கோயில் அது. இந்த மறுப்பை நான் தள்ளவில்லை. என் வாதத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்கிறேன். தண்ணீர் வாசலில் கூடியவர்கள் யார் என்று சொல்லும்போது நெகேமியாவின் நூல், ஆண்கள், பெண்கள், கேட்டு அறியத்தக்க அனைவரும் என்கிறது. பொது வாசிப்பின் அளவுகோல் அதுதான். காது உள்ள எவரையேனும் வெளியே நிறுத்திவிட்டு நடக்கும் வாசிப்பு, எவ்வளவு பழமையானதாக இருந்தாலும், பாதி வாசிப்பே. பாரதம் முழுமையாக வாசிக்கப்பட்டது என்று சொல்லும் உரிமை, பந்தல் எல்லோருக்கும் திறந்த ஊருக்கு மட்டும்தான் உண்டு.

ஏட்டை எடுத்த மொழிபெயர்ப்பாளர்

மொழிபெயர்ப்பவர் ஏட்டைப் பார்க்கக் கூடாது என்ற விதியை மேலே சொன்னேன். அந்த விதி நிலைக்கவில்லை. அரமேய மொழிபெயர்ப்புகள் எழுத்தில் ஏறின. ஓங்கெலோஸ் பெயரால் வழங்கும் தர்கூம் தோராவின் பக்கத்திலேயே எழுதப்பட்டது. காலப்போக்கில் அரமேயமும் மக்கள் மொழியாக இல்லாமல் போயிற்று. விளக்கம் ஏட்டில் குடியேறியதும், தொழுகைக்கூடத்தில் வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்றவர் பெரும்பாலான நாடுகளில் மறைந்துபோனார். ஏமன் நாட்டு யூதர்கள் மட்டும் அவரை விடவில்லை. இன்றும் அவர்கள் கூடங்களில் ஒவ்வொரு வசனத்துக்குப் பின்னும் ஒரு சிறுவன் எழுந்து அரமேயத்தில் சொல்கிறான். கேட்பவர்களின் வீட்டு மொழியாக அரமேயம் இல்லாதபோதும் அந்த இரண்டாவது குரல் அங்கே தொடர்கிறது.

நம்மிடமும் அதே திருப்பம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் வில்லி பாரதத்துக்குப் பதவுரையும் விளக்கமும் எழுதி அச்சிட்டார். ம.வீ. இராமானுஜாசாரியார் பண்டிதர்கள் பலரைக் கொண்டு வியாச பாரதம் முழுவதையும் தமிழ் உரைநடையாக்கிக் கும்பகோணத்திலிருந்து வெளியிட்டார். பிரசங்கியார் தன் குருவிடமிருந்து காதால் வாங்கியதெல்லாம் இப்போது விலைக்குக் கிடைத்தது. 1988-க்கும் 1990-க்கும் இடையே தூர்தர்ஷன் 94 பகுதிகளாக மகாபாரதத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தியது. வீட்டுக்குள் படிக்கக் கூடாத நூல் வீட்டுக்குள் ஓடியது. இத்தனைக்குப் பிறகும் திருவண்ணாமலைச் சீமையில் கோடை வந்தால் பந்தல் போடுகிறார்கள். பிரசங்கியாருக்கு முன்பணம் கொடுத்து நாள் குறிக்கிறார்கள்.

அப்படியானால் புத்தகமும் திரையும் தராத எதை அந்த இரண்டாவது குரல் தருகிறது? ஏமன் யூதர்களிடம் ஒரு சிறுவனின் வாயில் அது சடங்காக மட்டும் எஞ்சியதுபோல நம் பந்தலிலும் எஞ்சிவிடுமா, அல்லது அச்சு இயந்திரம் அதற்கு வேறொரு வேலையைக் கொடுத்துவிட்டதா?

(அடுத்த வாரம்)